எட்டு மாதம் சாப்பிடாத மாத்திரையும் என் மருத்துவரும்

“நீண்டகால நோய்க்காகப் பல ஆண்டுகளாக ஒரே மருத்துவரிடம் செல்கிறேன். அவரிடம் மனம்விட்டுப் பேச முடியவில்லை. அவர் சொல்வதில் முழு நம்பிக்கையும் வரவில்லை. மருத்துவரை மாற்றுவதா, என்னை மாற்றிக்கொள்வதா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் நோய் இன்னதென்று நீங்கள் குறிப்பிடவில்லை. சர்க்கரையோ, இரத்த அழுத்தமோ, ஆஸ்துமாவோ, ஆண்டுக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டிய ஏதோ ஒன்று என்றும், சொல்ல நினைத்ததில் பாதி மருத்துவரின் அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் உங்கள் நினைவுக்கு வருகிறது என்றும் வைத்துக்கொள்கிறேன். இன்னொன்றையும் ஊகிக்கிறேன், தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவரிடம் சொல்லாமல் நீங்கள் மறைத்து வைத்திருக்கும் செய்தி ஒன்று இருக்க வேண்டும். நான் அப்படி ஒன்றை எட்டு மாதம் மறைத்து வைத்திருந்தேன். இந்தப் பதிலின் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

எனக்கு முடக்குவாதம் வந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. வயதானால் வரும் மூட்டுத் தேய்மானத்தோடு பலரும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். இது உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே சொந்த மூட்டுகளைத் தாக்குகிற நோய். இதற்கு முதலில் தரப்படும் மருந்து பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மருந்து அது. தவறிப்போய் நாள்தோறும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. தொடங்கினால் பலன் தெரியவே 6 முதல் 12 வாரங்கள் ஆகும். நிறுத்தினாலும் அப்படித்தான், கேடு உடனே தெரியாது. இந்தத் தாமதம்தான் என்னைக் கெடுத்தது.

எங்கள் நோயின் தீவிரத்தை அளக்க டி.ஏ.எஸ். 28 என்று ஒரு மதிப்பெண் உண்டு. 28 மூட்டுகளில் எத்தனை அழுத்தினால் வலிக்கின்றன, எத்தனை வீங்கியிருக்கின்றன, இரத்தப் பரிசோதனையில் உடலின் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். எவ்வளவு, நோயாளி தம் நிலையை 0 முதல் 100 வரையிலான கோட்டில் எங்கே வைக்கிறார் ஆகிய நான்கையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். 2.6-க்குக் கீழே இறங்கினால் நோய் தணிந்துவிட்டது என்று பொருள். தோள், முழங்கை, மணிக்கட்டு, கைவிரல், முழங்கால் ஆகிய மூட்டுகள் அந்த 28-இல் அடங்கும். கணுக்காலும் பாதமும் அந்தக் கணக்கில் இல்லை.

எனக்கு வலி பாதத்தில் இருந்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது கூழாங்கற்களின் மேல் வெறுங்காலோடு நிற்பது போலிருக்கும். அதைச் சொன்னபோது மருத்துவர் திரையைப் பார்த்துவிட்டு, “உங்கள் மதிப்பெண் 2.4. மிகவும் நன்றாக இருக்கிறீர்கள்” என்றார். அவர் கடுமையாகப் பேசவில்லை, மகிழ்ச்சியாகத்தான் சொன்னார். ஆனால் நான் பொய் சொல்வதாக அவர் நினைக்கிறார் என்றே எனக்குப் பட்டது. மாத்திரை சாப்பிட்ட மறுநாள் முழுவதும் குமட்டிக்கொண்டே இருக்கிறது என்று அன்று சொல்லத்தான் போயிருந்தேன். வலியையே நம்பாதவரிடம் குமட்டலைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த வாரம் மாத்திரையைத் தொடவில்லை. அடுத்த வாரமும் தொடவில்லை.

இங்கே ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும், இல்லையென்றால் மருத்துவர்கள் யாரேனும் இதைப் படித்துச் சண்டைக்கு வரக்கூடும். அந்த மதிப்பெண்ணின் நான்காவது எண் என் வாயிலிருந்து வந்தது. “0 முதல் 100 வரை எவ்வளவு?” என்று செவிலியர் கேட்டபோது, பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றுகொண்டிருக்க, 60 என்று மனத்தில் இருந்ததை 20 என்று சொன்னேன். முனகுகிற ஆளாகத் தெரியக்கூடாது என்ற கூச்சம். அந்தக் கணக்கு என்னைக் கண்டுகொள்ளவில்லை என்று கோபித்துக்கொண்டவளும், அதற்குள் தவறான எண்ணைப் போட்டவளும் ஒருத்தியே.

பிறகு நடந்ததை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. மூன்றாம் மாதம் விரல்கள் மீண்டும் வீங்கத் தொடங்கின. “மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?” என்று மருத்துவர் கேட்டார். “சாப்பிடுகிறேன் டாக்டர்” என்றேன். மெத்தோட்ரெக்சேட் ஈரலைப் பாதிக்கக்கூடும் என்பதால் அவ்வப்போது இரத்தப் பரிசோதனை செய்வார்கள். என் முடிவுகளைப் பார்த்து, “ஈரல் அருமையாகத் தாங்குகிறது, அதனால் அளவைக் கூட்டலாம்” என்று 15 மில்லிகிராமை 20 ஆக்கினார். மருந்தே போகாத ஈரலுக்குக் கிடைத்த பாராட்டு அது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சீட்டை வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன். ஆறாம் மாதம் அதே கேள்வி, அதே பதில். எட்டாம் மாதம், இதற்குமேல் வேறு வகை ஊசி மருந்துக்குப் போக வேண்டியிருக்கும் என்றார். நோய்த்தொற்றை எதிர்க்கும் ஆற்றலை அது குறைக்கும் என்பதால் காசநோய் மறைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்று அதற்கான பரிசோதனையும் எழுதினார். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. ஒரு பொய்யைக் காப்பாற்ற, தேவையே இல்லாத ஊசியைப் போட்டுக்கொள்ளும் நிலைக்கு வந்திருந்தேன்.

என்னைக் காப்பாற்றியது கேள்வி கேட்ட விதம். அந்தப் பரிசோதனை முடிவோடு போன அன்று, மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் பயிற்சியில் இருந்த இளம் மருத்துவர் ஒருவர் என் விவரங்களைக் குறித்துக்கொண்டார். “வாரத்துக்கு ஒரு முறை என்பதால் இந்த மருந்தை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. கடைசி நான்கு வாரங்களில் உங்களுக்கு எத்தனை வாரம் விட்டுப்போயிற்று?” என்று தலையை நிமிர்த்தாமலே கேட்டார். ஆம் இல்லை என்று தப்பிக்க அந்தக் கேள்வியில் இடமில்லை. விட்டுப்போவது உலக வழக்கம் என்பதும் கேள்வியிலேயே இருந்தது. “நான்கு” என்றேன். அவர் அதிர்ச்சியடையாமல், “அதற்கு முன்?” என்றார். “எட்டு மாதம்” என்று சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு விரித்து எழுதுகிறேன் என்றால், “ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டால் எவரும் “ஆம்” என்றுதான் சொல்வார்கள். அந்தக் கேள்வியில் ஒழுக்கத்தைப் பற்றிய தீர்ப்பு ஒன்று முன்கூட்டியே ஒளிந்திருக்கிறது. நான் மட்டும் விதிவிலக்கான ஏமாற்றுக்காரியும் அல்லள். உலக சுகாதார நிறுவனம் 2003-இல் வெளியிட்ட அறிக்கை, வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேர்தான் சொன்னபடி மருந்து எடுத்துக்கொள்கிறார்கள் என்கிறது. மீதிப் பாதியும் மருத்துவரிடம் “ஆம்” என்று தலையாட்டிக்கொண்டுதான் இருக்கும்.

என் மருத்துவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “எட்டு மாதமாக நான் வேறு யாருக்கோ வைத்தியம் பார்த்திருக்கிறேன்” என்றார். குமட்டலைச் சொன்னேன். மெத்தோட்ரெக்சேட்டின் பக்கவிளைவைக் குறைக்க அதோடு தரும் வைட்டமினான ஃபோலிக் அமிலத்தை மாற்றி அமைக்கலாம், அதிலும் குறையாவிட்டால் அதே மருந்தைத் தோலுக்கடியில் போடும் ஊசியாக எடுத்துக்கொள்ளலாம், பலருக்கு அதில் குமட்டல் குறைவு என்றார். இரண்டு நிமிடத்தில் தீர்ந்திருக்க வேண்டிய பிரச்சினை. குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகத்தான் மீண்டும் கூட்ட வேண்டும் என்று சொல்லி, 20 என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டார். அந்த 20-ஐ ஒருநாள் குற்ற உணர்ச்சியில் திடீரென்று விழுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் எனக்கு அப்போதுதான் வந்தது.

நோயாளிதான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1984-இல் அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் என்ற இருவர் மருத்துவர் அறை உரையாடல்களை ஆராய்ந்தபோது, நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 நொடிகளிலேயே மருத்துவர் குறுக்கிட்டது தெரியவந்தது. விட்டால் பேசிக்கொண்டே இருப்பார்கள், வெளியே கூட்டம் காத்திருக்கிறதே என்பது மருத்துவர்களின் நியாயம்; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2002-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் 335 நோயாளிகளைக் குறுக்கிடாமல் பேசவிட்டுப் பார்த்தார்கள். அவர்கள் தாமாகப் பேசி முடிக்க எடுத்துக்கொண்டது சராசரியாக 92 நொடி. பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் இரண்டு நிமிடத்துக்குள் நிறுத்திக்கொண்டார்கள். எனக்கும் அன்று பாதத்தையும் குமட்டலையும் சொல்லி முடிக்க அதற்குமேல் ஆகியிருக்காது. எட்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

உடன் வருகிறவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நெடுநாளாக மனத்தில் இருப்பது. என்னுடன் என் அண்ணன் வருவார். அவர் அன்புக்குக் குறைவில்லை. வண்டி ஓட்டுவதும் கோப்பைத் தூக்குவதும் அவர்தான். ஆனால் மருத்துவர் என்னைப் பார்த்து “தூக்கம் எப்படி?” என்று கேட்டால், “நன்றாகத் தூங்குகிறாள் டாக்டர்” என்பார் அவர். இரவு இரண்டு மணிக்கு நான் விழித்துக்கொண்டு விரல்களைத் தேய்த்துக்கொண்டிருப்பது சுவருக்கு அந்தப்பக்கம் உறங்குகிற அவருக்கு எப்படித் தெரியும்? நான்கைந்து முறை இப்படி ஆன பிறகு மருத்துவரும் கேள்வியை நேராக அண்ணனிடமே கேட்கத் தொடங்கினார். நாற்காலியில் அமர்ந்து என்னைப் பற்றிய உரையாடலை நானே கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த எட்டு மாதமும் “மாத்திரையெல்லாம் சரியாகச் சாப்பிடுகிறாள்” என்று எனக்கு முன்பே உறுதிமொழி கொடுத்துவந்தவரும் அவர்தான். அவர் எதிரில் அதை மறுத்திருக்க வேண்டுமென்றால் ஒரே நேரத்தில் இருவரிடம் பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும். இப்போது முதல் ஐந்து நிமிடம் நான் தனியாகப் போகிறேன், பிறகு அவரை அழைத்துக்கொள்கிறேன். அண்ணனுக்கு முதலில் வருத்தம்தான். இதைப் படித்தால் இன்னும் வருந்துவார், ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். மருத்துவரை மாற்றுவதா என்றால், எனக்கு நேர்ந்ததை வைத்துப் பார்க்கும்போது, மறைத்து வைத்திருப்பதை முதலில் இவரிடமே ஒருமுறை சொல்லிப் பாருங்கள் என்பேன். சொன்ன பிறகு அவர் ஏளனம் செய்தால், அல்லது காரணத்தைக் கேட்காமல் கண்டித்து மட்டும் அனுப்பினால், தயங்காமல் மாற்றுங்கள். சொல்லாமலே மாற்றினால் அதே பொய்யைப் புதியவரிடம் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும், அவரும் உங்களுக்கு என்று நினைத்து வேறு யாருக்கோதான் மருந்து எழுதுவார். எல்லா மருத்துவரும் என்னவரைப் போல எடுத்துக்கொள்வார்கள் என்று நான் உறுதி கூறவில்லை. எனக்கு வாய்த்தது நல்லூழாகவும் இருக்கலாம்.

எப்படிச் சொல்வது என்பதற்கு என் வழி இது. முக்கியமானதை முதல் வாக்கியமாகச் சொல்வது. முன்பெல்லாம் எழுந்து கதவருகே போன பிறகுதான் “இன்னொன்று டாக்டர்” என்பேன். அதற்குள் அடுத்தவர் உள்ளே வந்திருப்பார். “வலி அதிகம்” என்று பொதுவாகச் சொல்வதையும் விட்டுவிட்டேன். “காலையில் பொத்தான் போட 40 நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கிறது, போன மாதம் 15 நிமிடம்தான் ஆயிற்று” என்றால் அவர் அதை அப்படியே எழுதிக்கொள்கிறார். மருந்தைப் பற்றி அவர் சொல்லி முடித்ததும், எனக்குப் புரிந்ததை என் சொற்களில் திருப்பிச் சொல்கிறேன். சிறுபிள்ளை பாடம் ஒப்பிப்பது போல முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஃபோலிக் அமிலத்தை மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும் அதே நாளில் நான் தவறாக எழுதி வைத்திருந்தது அப்படித்தான் தெரியவந்தது. அவர் எனக்குச் சொன்னது மறுநாள்.

போன முறை போனபோது அவரே, “கடைசி நான்கு வாரங்களில்?” என்று கேட்டார். இளம் மருத்துவரின் கேள்வியை அவரும் எடுத்துக்கொண்டிருந்தார். “ஒன்று விட்டுப்போயிற்று, காய்ச்சல் இருந்தது” என்றேன். குறித்துக்கொண்டார். 0 முதல் 100 வரை கேட்டபோது 35 என்றேன். அன்று உண்மையாகவே 35-தான். 28 மூட்டுகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து முடித்துவிட்டு, கணக்கில் சேராது என்று தெரிந்தும், “செருப்பைக் கழற்றுங்கள், பாதத்தைப் பார்க்கலாம்” என்றார்.