தேர்வுக்கு முன்னால் விண்ணப்பம்: பிளஸ் டூ வீடுகளிலிருந்து வந்த கேள்விகள்

பிளஸ் டூ பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அக்டோபர், நவம்பரிலேயே விண்ணப்பப் பதற்றம் தொடங்கிவிடுகிறது. எனக்கு வந்த கேள்விகளில் பாடத்தைப் பற்றியவை ரொம்பக் குறைவு. சாதிச் சான்றிதழ், இனிஷியல், ஓடிபி என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். கேட்பதும் நியாயம்தான். படித்து வாங்கிய ரேங்க்கை ஒரு தவறான கட்டம் சாப்பிட்டுவிடும்.

என் மகள் கணிதம்-உயிரியல் குரூப். ஜே.இ.இ., நீட், க்யூட் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்கத்தான் வேண்டுமா? (ஒரு தந்தை, சங்கரன்கோவில்)

வேண்டாம். மகள் என்ன படிக்கப்போகிறாள் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால் பாதிப் படிவங்கள் தானாகக் கழன்றுவிடும்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு நுழைவுத் தேர்வே கிடையாது. 2006இல் வந்த சட்டத்தோடு அது போய்விட்டது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கட் ஆஃப் போட்டுத்தான் அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி கல்லூரியிலும் எம்.ஐ.டி.யிலும் இடம் தருகிறார்கள். வேளாண்மை, நர்சிங், பி.பார்ம்., மாநில ஒதுக்கீட்டில் கால்நடை மருத்துவம், அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுச் சட்டப்படிப்பு எல்லாமே பிளஸ் டூ மதிப்பெண்தான்.

எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி என்றால் நீட். என்.ஐ.டி.க்கு ஜே.இ.இ. மெயின். ஐ.ஐ.டி.க்கு மெயினைத் தாண்டி அட்வான்ஸ்டும் எழுத வேண்டும். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரி, டெல்லி என்றால் க்யூட். திருச்சியில் இருக்கும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட். வி.ஐ.டி., எஸ்.ஆர்.எம். போன்றவை தங்களுக்கென்று தனித் தேர்வு வைத்திருக்கின்றன.

அண்ணா பல்கலைக்கழகம்தான் இலக்கு என்று சொல்லிக்கொண்டே ஜே.இ.இ. கோச்சிங்குக்கு லட்சக்கணக்கில் கட்டுகிற பெற்றோரைப் பார்க்கிறேன். கட் ஆஃபைத் தீர்மானிப்பது மார்ச் மாதப் பொதுத்தேர்வு. அந்தப் பாடத்தை விட்டுவிட்டு வேறு எதையோ படிக்க வைக்கிறார்கள்.

எங்களிடம் பி.சி. சான்றிதழ் இருக்கிறது. ஜே.இ.இ. படிவத்தில் 'ஓபிசி-என்.சி.எல்.' என்று கேட்கிறது. இரண்டும் ஒன்றுதானே? (கிருஷ்ணகிரி)

ஒன்றல்ல. இந்தத் தொகுப்பில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

உங்களிடம் இருப்பது மாநில அரசின் சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டுச் சேர்க்கைக்கு அது போதும். ஒரு முறை வாங்கினால் திரும்ப வாங்க வேண்டியதில்லை. மத்திய அரசுக் கல்வி நிறுவனங்கள் கேட்பது அவர்களுடைய படிவத்தில், 'கிரீமி லேயரில் வராதவர்', அதாவது பிற்படுத்தப்பட்டோரில் (ஓபிசி) வசதியான பிரிவில் சேராதவர், என்று தாசில்தார் தரும் தனிச் சான்றிதழ். இதைத்தான் 'ஓபிசி-என்.சி.எல்.' என்கிறார்கள். பி.சி., எம்.பி.சி., டி.என்.சி. (சீர்மரபினர்) பிரிவினர் இதை இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். மனு வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) வழியாக மேலே போகும். அதற்கு முன் உங்கள் சாதி மத்திய அரசின் ஓபிசி பட்டியலிலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாநிலப் பட்டியலில் இருப்பதெல்லாம் அங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது.

வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். இதைக் கேட்டதும் "எங்கள் சம்பளம் அதற்கு மேலே" என்று பல குடும்பங்கள் ஒதுங்கிவிடுகின்றன. மத்திய அரசின் விதிப்படி இந்தக் கணக்கில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. பெற்றோர் அரசு வேலையில் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதைத் தனியாகப் பார்ப்பார்கள். எதையும் விசாரிக்காமல் பொதுப்பிரிவு என்று டிக் செய்துவிடாதீர்கள்.

அப்புறம் தேதி. நவம்பரில் விண்ணப்பிக்கும்போது வாங்கிய சான்றிதழ் ஜூன் மாதக் கவுன்சலிங்குக்கு ஆகாது. சேர்க்கை நடக்கும் ஆண்டின் ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு கொடுத்த சான்றிதழைத்தான் ஐ.ஐ.டி., என்.ஐ.டி. கவுன்சலிங்கில் ஏற்பார்கள். ஆகவே ஏப்ரல் பிறந்ததும் புதிதாக ஒரு மனு போட்டுவிடுங்கள்.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்கிறீர்களா? 2024இல் அட்வான்ஸ்ட் எழுதத் தகுதி பெற, பொதுப்பிரிவுக்கு மெயினில் சுமார் 93.2 பர்சன்டைல் (இது என்னவென்று அடுத்த பதிலில் சொல்கிறேன்) தேவைப்பட்டது. ஓபிசி-என்.சி.எல்.லுக்கு 79.7 போதுமாக இருந்தது.

ஜனவரி ஜே.இ.இ.யில் பையன் 92 வாங்கினான். நூற்றுக்கு 92 நல்ல மார்க்தானே, ஏப்ரலில் ஏன் மறுபடி எழுத வேண்டும்? (ஒரு தாய், நாமக்கல்)

அது மார்க் அல்ல, பர்சன்டைல். அவனோடு அதே ஷிப்டில் எழுதியவர்களில் 92 சதவீதம் பேர் அவன் அளவுக்கோ அவனுக்குக் கீழோ இருக்கிறார்கள் என்று பொருள். 2024இல் பி.இ., பி.டெக். தாளை எழுதியவர்கள் சுமார் 14 லட்சம் பேர். அந்தக் கணக்கில் மேலே இருக்கும் 8 சதவீதம் என்பது ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள். திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடங்கள் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு என்றாலும், கணினி அறிவியல் மாதிரி பிரிவுகளுக்கு இந்த ரேங்க் பொதுப்பிரிவில் எட்டவே எட்டாது.

ஏப்ரலில் எழுதுவதால் நஷ்டம் எதுவும் இல்லை. இரண்டில் எது அதிகமோ அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் பொதுத்தேர்வைக் கோட்டைவிட்டுவிடக் கூடாது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி.க்குள் நுழைய பிளஸ் டூவில் 75 சதவீதம் வேண்டும், இல்லாவிட்டால் அந்த வாரியத்தின் முதல் 20 பர்சன்டைலில், அதாவது மேலே இருக்கும் 20 சதவீதத்துக்குள், வர வேண்டும். எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு 65 சதவீதம்.

பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்தோம். ஓடிபி எல்லாம் கடைக்காரர் நம்பருக்கே போகிறது. பரவாயில்லையா? (செய்யாறு)

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். கூட்ட நேரத்தில் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று கடைக்காரர் தன் நம்பரையும் தன் மின்னஞ்சலையும் போட்டுவிடுவது வழக்கமாக நடக்கிறது. பாஸ்வேர்டு மறந்தாலும் கவுன்சலிங்கில் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தாலும் ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும். அன்றைக்குக் கடை பூட்டியிருந்தால் என்ன செய்வீர்கள்? திருத்தம் செய்ய அவகாசம் தரும்போதும் ஜே.இ.இ. மெயினில் பெயர், பிரிவு போன்ற சிலவற்றைத்தான் மாற்றலாம். கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் தொட விட மாட்டார்கள்.

இப்போதைக்குக் கடைக்காரரிடம் பேசி அந்த மின்னஞ்சலின் பாஸ்வேர்டை வாங்கிக்கொள்ளுங்கள். தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமையின் உதவி மையத்துக்கும் எழுதுங்கள். இன்னொரு விண்ணப்பம் போட்டுச் சரிசெய்யலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஒருவர் ஒரு விண்ணப்பம்தான் போடலாம், இரண்டாவது போட்டால் முறைகேடு என்றே எடுத்துக்கொள்வார்கள்.

பணம் கணக்கிலிருந்து போய்விட்டது, ஆனால் படிவத்தில் 'கட்டவில்லை' என்கிறது. (ஓசூர்)

ஒரு நாள் பொறுங்கள். பெரும்பாலும் தானே சரியாகும், இல்லாவிட்டால் பணம் திரும்பும். உறுதிப்பக்கம், அதாவது கன்பர்மேஷன் பேஜ், உங்கள் கையில் வந்தால்தான் விண்ணப்பம் முடிந்ததாகக் கணக்கு. கடைசி நாள் இரவில் பணம் கட்டுகிறவர்களுக்கு அந்த ஒரு நாள் இருக்காது.

ஆதாரில் 'கார்த்திக் எஸ்', பத்தாம் வகுப்பில் 'எஸ். கார்த்திக்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. எதைப் போடுவது?

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படி. ஆதாரையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். இனிஷியலை முன்னே போடுவதா பின்னே போடுவதா என்பது நம் ஊருக்கே உரிய தலைவலி. டெல்லியில் படிவம் தயாரிப்பவர்களுக்கு இது புரிவதே இல்லை.

தமிழ்வழியில் படித்தவன். நீட் தமிழில் எழுதலாமா? (அரசுப் பள்ளி மாணவர், அரியலூர்)

எழுதலாம் தம்பி. தமிழைத் தேர்ந்தெடுத்தால் வினாத்தாளில் ஆங்கிலமும் தமிழும் இரண்டும் இருக்கும். தமிழ்நாடு, புதுச்சேரி பக்கம் உள்ள மையமாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி. 2018இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகள் பிழை என்று சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவிட்டது. ஆகவே தமிழில் ஒரு சொல் இடறினால் உடனே பக்கத்தில் ஆங்கிலத்தைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். ஜே.இ.இ. மெயினும் தமிழில் உண்டு. அட்வான்ஸ்ட் மட்டும் ஆங்கிலம், இந்தி இரண்டில்தான்.

ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் மாநில மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உங்களுக்கு உண்டு. தலைமையாசிரியரிடம் படிப்புச் சான்றிதழை இப்போதே கேட்டு வையுங்கள்.

மகளுக்கு டெல்லி பல்கலைக்கழகம் ஆசை. க்யூட் எழுதினால் போதுமா? (கோவை)

போதாது. க்யூட் மதிப்பெண்ணைக் கொண்டு டெல்லி பல்கலைக்கழகத்தின் தளத்தில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். பிளஸ் டூவில் படித்த பாடங்களையே க்யூட்டிலும் எடுத்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை. மதிப்பெண் வந்த பிறகு இதைக் கவனித்துப் பயனில்லை.

நீட்டுக்கு 'சிட்டி ஸ்லிப்' வந்திருக்கிறது. அதைக் காட்டினால் உள்ளே விடுவார்களா?

விட மாட்டார்கள். எந்த ஊர் என்று மட்டும் அது சொல்லும், பயண ஏற்பாட்டுக்காக. ஹால் டிக்கெட் தேர்வுக்குச் சில நாள் முன்னால் தனியாக வரும். பள்ளியின் முகவரி அதில்தான் இருக்கும். ஒரே பெயரில் இரண்டு மூன்று கிளை வைத்திருக்கும் பள்ளிகள் உண்டு, முந்தின நாளே போய்ப் பார்த்துவிடுங்கள். இரண்டு மணித் தேர்வுக்கு ஒன்றரைக்கே கேட்டை மூடிவிடுவார்கள்.