லிஃப்ட் பக்கத்தில் நிற்கும் அப்பா

கேள்வி: அக்கா, என் மனைவிக்கு 28வது வாரத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. மூன்று வாரமாக மகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள். மனைவி தினமும் போகிறாள். நான் வார்டு வாசல்வரை போய், லிஃப்ட் பக்கத்தில் நின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறேன். உள்ளே அடிக்கும் அலாரம் ராத்திரி வீட்டிலும் காதில் கேட்கிறது. "பிள்ளையைப் பார்க்க மனசில்லையா?" என்கிறார் மாமியார். நான் மோசமான அப்பாவா?
- ஈசூன் வாசகர்

பதில்: இல்லை, தம்பி. மனசில்லாதவர் அந்த லிஃப்டில் ஏறியே இருக்க மாட்டார். அப்படிப்பட்ட வார்டில் 26 வருடம் தாதியாக இருந்தேன். தாய்ப்பால் பாட்டில்களை ஐஸ் பையில் கொண்டுவந்து, கதவருகே நீட்டிவிட்டுப் போகிற அப்பாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "அம்மா எப்படி இருக்காங்க?" என்று அவர்களிடம் கேட்போம். "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டதில்லை. அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

முதலில் அந்தச் சத்தம். பிள்ளையின் பாதத்தில் சுற்றியிருக்கும் ஆக்ஸிஜன் அளக்கும் பட்டை கொஞ்சம் நழுவினாலே அலாரம் அடிக்கும். குறைமாதக் குழந்தைகள் சில நொடி மூச்சு விடாமல் இருப்பதும் உண்டு. மூச்சை நடத்துகிற மூளைப் பகுதி இன்னும் முதிராததுதான் காரணம். பல நேரம் தாதி மெல்லத் தொட்டு எழுப்பினாலே மூச்சு திரும்பிவிடும். அலாரம் அடித்தால் நாங்கள் பிள்ளையின் நிறத்தையும் நெஞ்சு ஏறி இறங்குவதையும் பார்ப்போம். நீங்களும் கருவியின் திரையை விட்டுவிட்டு மகளைப் பாருங்கள்.

நாளைக்கு மனைவியோடு பத்து நிமிடம் மட்டும் உள்ளே போங்கள். கைகழுவி, தாதியிடம் கேட்டுக்கொண்டு, ஒரு கையைத் தலையிலும் ஒரு கையைப் பாதத்திலும் அசையாமல் வையுங்கள். தடவ வேண்டாம், அந்தப் பிஞ்சுத் தோல் தாங்காது. அப்புறம், "எப்போது நெஞ்சில் போட்டுக்கொள்ளலாம்?" என்று கேளுங்கள். பிள்ளையை வெற்று நெஞ்சில் தோலோடு தோலாக அணைத்து வைக்கும் இந்தக் கங்காரு பராமரிப்பு அப்பாவும் செய்யக்கூடியதுதான். சட்டைப் பொத்தானைக் கழற்றும்போது கை நடுங்கிய அப்பாக்கள், பிள்ளை நெஞ்சில் தூங்கியதும் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு அப்பாக்களுக்கும் வரும். தூக்கமில்லாமலும் எதிலும் பிடிப்பில்லாமலும் இரண்டு வாரம் தாண்டினால், பலதுறை மருந்தகத்தில் டாக்டரிடம் சொல்லுங்கள். மருத்துவமனையின் மருத்துவ சமூக ஊழியரைப் பார்க்க வேண்டும் என்று தாதியிடம் கேட்டாலும் ஏற்பாடு செய்வார்கள். நடுராத்திரியில் தாங்க முடியவில்லை என்றால் 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

வேலை விஷயம் ஒன்று. குழந்தை சிங்கப்பூர்க் குடிமகள் என்றால் உங்களுக்குச் சம்பளத்தோடு 4 வாரத் தந்தையர் விடுப்பு உண்டு. முதலாளியிடம் பேசி, 12 மாதத்துக்குள் பிரித்து எடுக்கலாம். மகள் வீட்டுக்கு வரும் நாட்களுக்குக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

மாமியாருக்கு இப்போது விளக்கம் வேண்டாம். மனைவியிடம் மட்டும், எனக்கு எழுதியதை அப்படியே இன்றைக்குச் சொல்லுங்கள். அந்த அலாரம் ராத்திரியில் அவருக்கும் கேட்கிறதா என்று கேளுங்கள்.