மலைக்குப் போவது

வாசகர் கடிதம்

அன்புள்ள டீச்சர்,

நான் பேராதனையில் கலைப்பீடத்தில் முதலாம் வருடம் படிக்கிறேன். வீடு கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டம். எங்கள் டிவிஷனிலிருந்து கம்பஸுக்கு வந்த இரண்டாவது ஆள் நான்.

போன மாதம் இங்கே சங்கங்களுக்கு ஆள் சேர்த்தார்கள். பறவை பார்க்கும் கழகத்தில் பெயர் கொடுத்துவிட்டு ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் அவர்களோடு ஹந்தானை மலைப் பக்கம் நடந்தேன். மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அந்தக் கூட்டத்தில் தமிழ் ஆள் நான் மட்டும்தான். “தமிழ்ச் சங்கம் இருக்கும்போது உனக்கு அங்கே என்ன வேலை?” என்று அறைத்தோழிகள் கேட்கிறார்கள். முதலாம் வருடத்தில் எந்தக் கழகத்திலும் சேரக் கூடாது என்று சீனியர்கள் சிலர் சொல்கிறார்கள். அம்மாவிடம் போனில் சொன்னபோது, “மலைக்குப் போகத்தான் கம்பஸுக்குப் போனாயா?” என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் போகவில்லை. பைனாகுலர் வாங்கவும் வழியில்லை. அம்மாவின் சம்பளத்தில் அதைக் கேட்க மனம் வரவில்லை.

பொழுதுபோக்கு என்பது வசதியுள்ளவர்களுக்கு மட்டும்தானா, டீச்சர்? கம்பஸில் நல்ல கூட்டாளிகள் எப்படிக் கிடைப்பார்கள்?

ச., பேராதனை

பதில்

அன்பு மகளுக்கு,

உன் அம்மா கேட்ட அதே கேள்வியை என் அம்மாவும் கேட்டார். 1995ஆம் ஆண்டு, தவணை விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த அன்று, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்து வாசலில் நான் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது. சப்பாத்து முழுக்க ஹந்தானைச் சேறு. கணுக்காலில் அட்டை கடித்த வடு நான்கைந்து. அம்மா அந்த வடுக்களைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார், பிறகு கேட்டார்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். தோட்டத்தில் மலை என்றால் தேயிலை மலை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் இன்றைக்கு எந்த மலை என்று கங்காணி சொல்வார். ஐந்தாம் நம்பர் மலை, ஆற்றோர மலை, கோயில் மலை. மலைக்குப் போவது என்றால் கூடையை மாட்டிக்கொண்டு நிரையில் நிற்பது. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். சும்மா காற்று வாங்கவும் காட்சி பார்க்கவும் மலை ஏறியவர்கள் துரைமாரும் அவர்கள் பங்களாவுக்கு வந்த விருந்தாளிகளும்தான். ஆகவே உன் அம்மா உன்னைத் திட்டவில்லை, மகளே. கணக்குக் கேட்கிறார். நீ மலைக்குப் போகாமலிருக்க வேண்டும் என்றுதானே அவர் இத்தனை வருடம் போனார்?

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. பேச்சை மாற்றுவதற்காக, கழகத்திலிருந்து இரவல் வாங்கி வந்திருந்த புத்தகத்தை விரித்துக் காட்டினேன். இலங்கைப் பறவைகளைப் பற்றி ஜி. எம். ஹென்றி எழுதி 1955இல் வெளிவந்த ஆங்கில நூல். படங்களும் அவரே வரைந்தவை. அட்டை கிழிந்து, முதுகில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. அம்மாவுக்கு எழுத்து வாசிக்க வராது. படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் கொண்டைக்குருவியில் விரலை வைத்தார். “இது ரோசாப்பூ நிறத்தில், செம்புள்ளி போட்டு முட்டை வைக்கும். செடிக்கு நடுவில், வாதுக்குள்ளே கூடு கட்டும்” என்றார். பிறகு சொன்னதுதான் எனக்குப் புதிது. நிரையில் போகும்போது கூடு இருக்கிற செடி வந்தால் அதைக் கொய்யாமல் விட்டுவிடுவார்களாம். பக்கத்து நிரைக்காரிக்கும் குரல் கொடுத்துவிடுவார்களாம். கங்காணி கேட்டால், “குளவி இருக்கிறது” என்று பொய் சொல்வார்களாம். குளவி என்றால் எந்தக் கங்காணியும் கிட்டே வரமாட்டார்.

நான் அம்மாவுக்குப் பிள்ளையாகி இருபது வருடம் ஆகியிருந்தது. இந்தக் கதையை அதுவரை அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்பதற்கு எனக்கு ஒரு புத்தகமும் ஒரு கழகமும் தேவைப்பட்டன என்பது கொஞ்சம் வெட்கமான விடயம்தான்.

இன்னொன்று. அந்த ஹென்றி 1891இல் பிறந்தது உன் கந்தப்பளையில், ஒரு தேயிலைத் தோட்டத்தில். லயத்தில் அல்ல, தோட்டத்தை நடத்திய குடும்பத்தில். அவர் பார்த்த அதே குருவிகளை நம் பாட்டிமாரும் பார்த்தார்கள். அவருக்கு நோட்டுப் புத்தகம் இருந்தது, நம் பாட்டிமாருக்கு நிறை போடத் தராசு இருந்தது. பொழுதுபோக்கு வசதியுள்ளவர்களுக்கு மட்டும்தானா என்று கேட்டிருக்கிறாய். இதுவரை அப்படித்தான் இருந்தது. பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து பேராதனைக்கு இடம் மாறிய 1952ஆம் ஆண்டில்தான் நம் மலையக ஆட்களில் மிகப் பெரும்பாலானோர் குடியுரிமையும் வாக்கும் பறிபோன நிலையில் ஒரு பொதுத் தேர்தலை வேடிக்கை பார்த்தார்கள். அந்த வளாகத்தில், ஒரு சனிக்கிழமை காலை, யாருக்கும் நிறை காட்ட வேண்டிய அவசியமில்லாமல் நீ ஒரு மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கலாம். இதை நான் சின்ன விடயமாக எண்ணவில்லை. அம்மாவிடம் இந்த வார்த்தைகளில் சொல்லாதே. கூட்டத்தில் பேசுகிற மாதிரி இருக்கும்.

கூட்டாளிகளைப் பற்றி. கூட்டாளி தேடிப் போய்க் கூட்டாளி பிடித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தால், எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், என்ன ஆள் என்பதைத் தாண்டிப் போவது கஷ்டம். இரண்டு பேரும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்றைப் பார்க்கத் தொடங்கினால் அந்த விசாரணைகள் தாமாகவே பின்னுக்குப் போய்விடுகின்றன.

எங்கள் காலத்தில் கழகத்தில் நான்கு பேருக்கு ஒரு பைனாகுலர். எனக்கு வாய்த்த கூட்டாளி குருநாகல் பக்கத்துக் கிராமத்துப் பெண், விஞ்ஞான பீடம். என் சிங்களம் கடைத்தெருச் சிங்களம். அவளுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. இருவருடைய ஆங்கிலமும் நொண்டி. ஆனால் பறவையைக் காட்டுவதற்கு மொழி அதிகம் வேண்டியதில்லை. மரத்தை ஒரு கடிகார முகமாக நினைத்துக்கொள்ள வேண்டும். உச்சி பன்னிரண்டு, வலப்பக்கக் கிளை மூன்று, அடி ஆறு. அவள் “தெக” என்பாள், நான் இரண்டு மணிப் பக்கம் பைனாகுலரைத் திருப்புவேன். முதல் இரண்டு வாரம் எனக்கு இலை மட்டும்தான் தெரிந்தது. என் இரண்டு கண்ணுக்கும் பார்வை வேறு வேறு என்பதைக் கண்டுபிடித்தவள் அவள்தான். வலப்பக்க வளையத்தை மெதுவாகத் திருப்பி, “இப்போது?” என்று கேட்டாள். ஒரு மஞ்சள்நெற்றிக் குக்குறுவான், ஒவ்வொரு இறகும் தனித்தனியாக, என் மூக்குக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. என் கண்ணில் கோளாறு என்று வைத்தியருக்கு முன்பே அவளுக்குத் தெரியும்.

ஒக்டோபரில் ஒரு மாலை, மகாவலிக் கரையோரம் நடந்துகொண்டிருந்தபோது மூங்கில் புதருக்குள்ளிருந்து இரட்டைச் சீழ்க்கை கேட்டது. நான், “ஆறுமணிக்குருவி” என்றேன். அவள், “அவிச்சியா” என்றாள். வட இந்தியாவிலிருந்து பனிக்காலத்துக்கு இங்கே வந்து, ஏப்ரலோடு திரும்பிவிடுகிற பறவை. பச்சை முதுகு, வாலடியில் குங்குமச் சிவப்பு, வால் இருக்கிறதா என்று தேட வேண்டும். விடியலிலும் அந்தியிலும் தவறாமல் கூப்பிடுவதால் நமக்கு அது ஆறுமணிக்குருவி. அவர்கள் ஊரில் அது முறைப்பாட்டுக்காரப் பறவை. யாரோ தன் உடையைத் திருடிவிட்டதாகத்தான் அது தினமும் கத்துகிறதாம். அவள் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. “உங்கள் ஆட்கள் நேரம் பார்த்தார்கள், எங்கள் ஆட்கள் வழக்குப் போட்டார்கள்” என்றாள். இருவரும் சிரித்த சிரிப்பில் குருவி பறந்துவிட்டது. கழகத் தலைவர் எங்களை முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது.

இதை வைத்து எல்லாம் இனிமையாகவே நடந்தது என்று நினைத்துவிடாதே. 1998 ஜனவரி 25ஆம் திகதி கண்டி தலதா மாளிகையில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் தமிழ் அடையாள அட்டையோடு பஸ்ஸில் போவது எப்படி இருந்தது என்பதை உன் பெரியப்பா, மாமா யாரிடமாவது கேட்டுப் பார். சில வாரங்கள் கழித்து நாங்கள் இருவரும் கண்டிக்குப் போய்த் திரும்பும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். என் பையில் கழகத்துப் பைனாகுலர் இருந்தது. தமிழ்ப் பெண், பைனாகுலர், பென்சிலால் குறிப்பெழுதிய நோட்டு. நோட்டில் இடம், நேரம், எண்ணிக்கை என்று வரிசை வரிசையாக. பறவைக் கணக்கைத் தவிர வேறு எல்லாமாகவும் அது தெரிந்திருக்கும். அவள் நோட்டைப் பிடுங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டி, ஒவ்வொரு பறவைக்கும் சிங்களப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தாள். அவர்கள் நம்பினார்களா என்று தெரியாது. என் அடையாள அட்டையைக் கொண்டுபோய் அரை மணி நேரம் வைத்திருந்தார்கள். பஸ் ஹோர்ன் அடித்தது. அவளை ஏறச் சொன்னார்கள், அவளுக்கு ஒரு தடையும் இல்லை. அவள் ஏறவில்லை. பஸ் போய்விட்டது. வீதியோரக் கல்லில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பையிலிருந்த பிஸ்கட் பக்கற்றைப் பிரித்தாள். அதைப் பற்றி நாங்கள் பிறகு ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

நட்பு எல்லாம் நிலைத்ததா என்றால், இல்லை. கழகத்தில் அந்த வருடம் பதினேழு பேர் இருந்தோம். இன்று எனக்குத் தொடர்பில் இருப்பவர்கள் இருவர். மற்றவர்கள் எங்கெங்கோ. அதில் வருந்த ஒன்றுமில்லை. நான்கு வருடத்துக்கு அவர்கள் போதுமானவர்களாக இருந்தார்கள்.

தமிழ்ச் சங்கமா, பறவைக் கழகமா என்ற கேள்வியே எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டுக்கும் போ. நானும் சங்கத்தில் இருந்தேன், ‘இளங்கதிர்’ இதழுக்கு மெய்ப்புப் பார்த்திருக்கிறேன், குறிஞ்சிக் குமரன் கோயில் பூசைக்குப் பூக் கட்டியிருக்கிறேன். உன் அறைத்தோழிகளுக்கு ஒரு பழைய கதை சொல். 1956இல் பேராதனையில் இருந்த பேராசிரியர் சரச்சந்திர ‘மனமே’ என்ற சிங்கள நாடகத்தை மேடையேற்றினார். நம் கூத்தோடு உறவுடைய ‘நாடகம’ என்ற பழைய சிங்கள வடிவத்திலிருந்து எடுத்துச் செய்தது அது. அந்த அலையைப் பார்த்துத்தான் அதே வளாகத்தில் பேராசிரியர் வித்தியானந்தன் நம் கூத்தை மாணவர்களைக் கொண்டு புதிதாக மேடையேற்றினார். ‘கர்ணன் போர்’ 1962இல், ‘இராவணேசன்’ 1964இல். பக்கத்து மேசையில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்ததால் தமிழுக்கு நட்டம் வந்துவிடவில்லை.

முதலாம் வருடத்தில் கழகத்தில் சேரக் கூடாது என்கிற சீனியர்கள் விடயம் சுருக்கமாக. சீனியர்கள் புதியவர்களை மிரட்டி நடத்துகிற பகிடிவதைக்கு எதிராக 1998லேயே சட்டம் வந்துவிட்டது. பகிடிவதையால்தான் ஒற்றுமை வளரும் என்று சொல்பவர்களை நான் ஒரு நாளும் நம்பியதில்லை. பயந்து ஒட்டிக்கொள்வது ஒற்றுமை அல்ல. தொந்தரவு செய்தால் விரிவுரையாளர் யாரிடமாவது சொல். எனக்கும் எழுது.

ஹந்தானைக்குத் தனியாகப் போகாதே. பிற்பகலில் மூடுபனி இறங்கினால் மானாப்புல்லுக்குள் பாதை தெரியாது. அட்டைக்குச் சவர்க்காரமோ சுண்ணாம்போ பூசிக்கொள் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. கொழும்புப் பிள்ளைகளுக்கு நீ சொல்லிக் கொடு. என் முதல் மரியாதையே கழகத்தில் அப்படித்தான் கிடைத்தது. ஒரு மருத்துவ பீடப் பையன் காலில் அட்டையைப் பார்த்துவிட்டு மயங்கப் போனான். பாட்டியின் வெற்றிலைப் பையிலிருந்து கொண்டுவந்த சுண்ணாம்பு டப்பா என்னிடம் இருந்தது.

பைனாகுலருக்காக அம்மாவின் சம்பளத்தில் கை வைக்க வேண்டாம். இப்போதைக்குக் கழகத்தினுடையதே போதும். பிறகு வாங்குவதானால் 8×40 போன்றது வாங்கு. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் அகலம் மில்லிமீற்றரில். கடைக்காரர் இருபது மடங்கு என்று ஆசை காட்டுவார். கை நடுங்கி ஒன்றும் தெரியாது.

என்னிடம் ஒரு பழைய 8×40 இருக்கிறது. இரண்டு பக்கத்தையும் இணைக்கும் திருகாணி தளர்ந்து, நூல் சுற்றி வைத்திருக்கிறேன். நம் ஊர் ஈரத்துக்குக் கண்ணாடியில் பூஞ்சணம் பிடிக்கும் என்று ஈரம் படாமல் காப்பாற்றி வருகிறேன். விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது ரயில் நானுஓயாவுக்கு முன் தலவாக்கலையில் நிற்கும். இறங்கி என் வீட்டில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, அதை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போ. வீட்டுக்குப் போனதும் முதலில் அம்மாவின் கையில் கொடு. அவர் மூக்குக்கண்ணாடி போடுகிறவராக இருந்தால் கண் வைக்கிற பக்கத்து ரப்பர் வளையத்தை மடித்துவிட்டுக் கொடு. இல்லாவிட்டால் கறுப்பு வட்டம்தான் தெரியும்.

அன்புடன்,
டீச்சர்