கிறிஸ்தவர்கள் பிறருக்காகத் தியாகம் செய்வது கடவுள் பக்தியாலா, ஆள் சேர்க்கவா?

"சொர்க்கத்தில் இடம்பிடிக்கவும் மதம் மாற்றவும்தானே இந்தச் சேவையெல்லாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கன்னியாஸ்திரி ஒருவரை வேலை நேரத்தில் நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். என் அத்தை அப்படி வாழ்ந்து முடித்தவர். அதனால் இதைப் பேசாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

அத்தை யாழ்ப்பாணத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பணி செய்தார். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை நான் அவருடன் போய் நின்றேன். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலம் அது. மின்சாரம் இல்லை, சவர்க்காரம் கிடைப்பதே அரிது, மருந்துக்கும் தட்டுப்பாடு. அத்தை இருட்டோடு எழும்பி இயேசுவின் திருவுடலாக நாங்கள் நம்பும் அப்பம் வைக்கப்பட்டிருக்கும் நற்கருணைப் பேழைக்கு முன்னால் முழந்தாளில் இருப்பார். பூசை முடிந்த கையோடு, படுக்கையில் கிடந்தவர்களின் புண்களைக் கழுவி, அழுக்குத் துணிகளைக் கிணற்றடிக்குக் கொண்டுபோவார்.

"அத்தை, உங்களுக்கு நாற்றம் தெரிவதில்லையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தெரியாமல் என்ன பிள்ளை? எனக்கும் குமட்டும். அதற்காகத்தான் விடியமுன் அவரிடம் போய் இருந்துவிட்டு வருகிறேன்."

உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். நாம் ஒரு நன்மையும் செய்யாதிருந்தபோதே கிறிஸ்து நமக்காக உயிரைக் கொடுத்தார் என்பது எங்கள் விசுவாசம். அதனால் சேவை செய்து சொர்க்கத்தை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. பெற்ற அன்பு சும்மா இருக்க விடுவதில்லை, அவ்வளவுதான். பசித்தவனுக்கும் நோயாளிக்கும் செய்ததைத் தமக்கே செய்ததாக இயேசு சொன்னார். அதை அத்தை அப்படியே நம்பினார்.

ஆள் சேர்ப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த இல்லத்தில் பிள்ளைகள் எல்லாரும் வெளிநாடு போய்விட்ட ஒரு சைவப் பெரியவர் இருந்தார். அவருடைய தலைமாட்டில் ஒரு சிறு பேணியில் விபூதி வைத்திருந்தவர் என் அத்தைதான். கை நடுங்கி அவரால் பூச முடியாத நாட்களில் அத்தையே பூசிவிடுவார். அவர் இறந்தபோது அயலிலிருந்து தேவாரம் பாடத் தெரிந்தவரை அழைத்து வந்து, சைவ முறைப்படியே காரியங்களைச் செய்வித்தார்.

மிஷனரிமார் மதம் பரப்பவில்லை என்று நான் சொல்லவில்லை. பரப்பத்தான் வந்தார்கள். அவர்களை எதிர்த்துச் சைவத்துக்காக நின்ற ஆறுமுக நாவலரின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் 1847இல் வந்து மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்த அமெரிக்க மிஷனரி டாக்டர் சாமுவேல் கிறீன், மேற்கத்திய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்து, நூல்களையும் தமிழில் ஆக்கினாரே, அந்த உழைப்பை வெறும் ஆள்பிடி வேலை என்று எப்படித் தள்ளுவது? கோவாவிலிருந்து வந்த புனித யோசேப் வாஸ் 1687இல் யாழ்ப்பாணத்தில் பிச்சைக்காரர் வேடத்தில் திரிந்தார். அங்கே ஆண்ட ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்திருந்த காலம். சில்லாலை என்ற ஊர் மக்கள் அவரை மறைத்து வைத்துக் காத்தார்கள். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு கண்டியில் அம்மை பரவி, உறவினரே நோயாளிகளைக் கைவிட்டபோது, அவர்களைத் தேடிப் போய்ப் பராமரித்தவரும் அவர்தான். அங்கே கிடந்தவர்களில் பெரும்பாலோர் பௌத்தர்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இப்போது எங்கள் தேவாலயங்களில் ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்தாலும் அதில் உபயகாரரின் பெயர் எழுதப்படுகிறது. பளிங்குத் தரைக்கு வெளிநாட்டிலிருந்து பணம் வருகிறது. அதே தேவாலயத்தைச் சேர்ந்த பங்கில் தனியாகக் கிடக்கும் கிழவிக்கு ஒருவேளைக் கஞ்சி கொண்டுபோக ஆள் இல்லை. அத்தையின் பெயர் சவுக்காலையில் அவருடைய கல்லறையைத் தவிர வேறெங்கும் எழுதப்படவில்லை. பங்குச் சபைக் கூட்டத்தில் இதை நான் சொன்னபோது எல்லாரும் சேர்ந்து பேச்சை மாற்றினார்கள்.

"மற்ற மதத்தவர் சேவை செய்வதில்லையா?" என்று யாராவது கீழே எழுதுவார்கள் என்று தெரியும். செய்கிறார்கள். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் அன்னதானம் உண்டு வளர்ந்த வேதக்கார (கிறிஸ்தவ)ப் பிள்ளைகள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். நீங்கள் கேட்டது எங்களைப் பற்றி. எனக்குத் தெரிந்தவரை வைத்துச் சொன்னேன்.