சொட்டு மருந்தில் சிவப்பு குறைந்தும் கண்வலி ஏறுகிறதா?

கேள்வி: வயது 34. காண்டாக்ட் லென்ஸ் போடுகிறேன். இரண்டு வாரமாக வலது கண் சிவந்து, வெளிச்சத்தில் கூசுகிறது. மருந்துக்கடையில் கொடுத்த சொட்டில் சிவப்பு குறைந்தது. வலியோ தூங்க விடவில்லை. மருத்துவர் ஹெர்பிஸ் வைரஸ் தொற்று என்கிறார். ஒட்டுண்ணியாக இருக்குமோ?

பதில்: இருக்கலாம். இல்லை என்று உறுதியாகும்வரை இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் போடுபவருக்கு, கண்ணில் தெரியும் புண்ணைவிட வலி மிஞ்சினால் முதல் சந்தேகம் அகாந்தமீபா. குழாய்த் தண்ணீரிலும் நீச்சல் குளத்திலும் வாழும் ஒரு செல் உயிரி இது. ஆரம்பத்தில் ஹெர்பிஸ் புண் போலவே தெரியும். கருவிழியில் வெள்ளை வளையம் விழும்வரை காத்திருந்தால் தாமதமாகிவிடும்.

அந்தச் சொட்டு பாட்டிலைப் பாருங்கள். டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. "ஆன்டிபயாடிக்தான்" என்று நீட்டப்படும் பல சொட்டுகளில் இதுவும் கலந்திருக்கும். அழற்சி அடங்கும், சிவப்பு மறையும், உள்ளே அமீபா பெருகும். அந்த ஆன்டிபயாடிக்கும் இதைக் கொல்லாது. பரிந்துரைச் சீட்டு இல்லாமல் இதை விற்பவரை யாரும் கேட்பதில்லை. கண்ணை இழப்பது நீங்கள்.

அதற்காக ஸ்டீராய்டே கூடாது என்றும் இல்லை. அமீபாவுக்கான மருந்து குறைந்தது இரண்டு வாரம் போன பிறகும் அழற்சி அடங்காவிட்டால், கருவிழி நிபுணர் அதைச் சேர்ப்பார். அப்போது "படித்தேன், வேண்டாம்" என்று மறுக்காதீர்கள். அமீபா மருந்து கூடவே ஓட வேண்டும், ஸ்டீராய்டை நிறுத்திய பிறகும் சில வாரம் தொடர வேண்டும், அவ்வளவுதான்.

இன்றே கருவிழி நிபுணரிடம் போங்கள். லென்ஸையும் டப்பாவையும் கழுவாமல் எடுத்துச் செல்லுங்கள், அவற்றையும் சோதிக்கலாம். கருவிழியைச் சுரண்டி எடுத்த மாதிரியை, அமீபா தின்னும் ஈ.கோலை பாக்டீரியா பரப்பிய, சத்தில்லா அகார் கூழ்த் தட்டில் வளர்க்க வேண்டும். மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையும், கருவிழியை நேரடியாகப் பார்க்கும் கான்ஃபோகல் நுண்ணோக்கியும் உதவும். சோதனைச் சீட்டில் "அகாந்தமீபா" என்று எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் ஆய்வகம் வழக்கமான பாக்டீரியா சோதனை மட்டும் செய்து "நெகட்டிவ்" என்று அனுப்பிவிடும். அந்தத் தாளை நம்பி நாள் போகும்.

சிகிச்சை, அமீபாவைக் கொல்லும் கிருமிநாசினிச் சொட்டு: 0.02% பிஎச்எம்பி அல்லது 0.02% குளோர்ஹெக்சிடின். பொதுவாக முதல் இரண்டு நாள் இரவு பகலாக மணிக்கொரு முறை. பிறகு படிப்படியாகக் குறைத்துப் பல மாதம். பல இடங்களில் இதைத் தனியாகத் தயாரித்து வாங்க வேண்டியிருப்பதால் அலைச்சல் உண்டு. அலுத்துப்போய், வாய் கொப்பளிக்கும் குளோர்ஹெக்சிடினைக் கண்ணில் விட்டுவிடாதீர்கள்: அது பெரும்பாலும் 0.2%, பத்து மடங்கு. வலி நின்றதும் மருந்தை நிறுத்தினால், கூட்டுக்குள் உறங்கும் அமீபா மறுபடி கிளம்பும்.