வெந்நீரும் ஒரு கோரிக்கைதான்

அன்புள்ள ஐயா,

உங்கள் பட்டியலைப் பார்த்து ‘சால்ட் ஆஃப் தி எர்த்’ (1954) படம் பார்த்தேன். நடிப்பு விறைப்பாக இருந்தது, முதலாளி தரப்பும் தட்டையாகத் தெரிந்தது. சங்கமே இல்லாமல், செயலி சொல்லும் திசையில் பைக் ஓட்டுகிற எங்களுக்கு அந்தச் சுரங்கச் சண்டையில் என்ன இருக்கிறது?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

முதலாளி தரப்பு தட்டைதான். நடிப்பு விஷயத்தில் உங்களோடு உடன்பட மாட்டேன். நாயகன் ரமோனாக வரும் ஹுவான் சக்கோன், அந்த ஊர்ச் சங்கத்தின் நிஜத் தலைவர். துணி உலர்த்தும்போது அவர் முகத்தில் தெரியும் சங்கடத்தைத் தேர்ந்த நடிகர் யாரும் தந்துவிட முடியாது.

கதை நடந்தது அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்துத் துத்தநாகச் சுரங்கத்தில். 1950 அக்டோபரில் வேலைநிறுத்தம் தொடங்கியது. மறுஆண்டு ஜூனில் தொழிலாளர்கள் மறியல் செய்ய நீதிமன்றம் தடை விதித்தது. மனைவிமார் தொழிலாளர்கள் அல்லவே! அவர்கள் போய் நின்றார்கள். போராட்டம் 1952 ஜனவரி வரை நீண்டது.

படத்தில், வெள்ளைக்காரத் தொழிலாளர் வீடுகளில் குழாய் வசதி உண்டு. மெக்ஸிக வம்சாவளியினர் வீடுகளில் கிடையாது. விறகு பிளந்து வெந்நீர் வைத்துச் சலித்த பெண்கள் அதையும் கோரிக்கையில் சேர்க்கச் சொல்கிறார்கள். சுரங்கப் பாதுகாப்பு முதலில், மற்றதெல்லாம் பிறகு என்கிறார்கள் ஆண்கள். மனைவி சிறைக்குப் போய், அடுப்பும் துவையலும் தன் தலையில் விழுந்த பிறகுதான், வெந்நீர் முதல் நாளே பட்டியலில் இருந்திருக்க வேண்டும் என்று ரமோனுக்கு உறைக்கிறது. எந்தத் துன்பம் கோரிக்கையாகும், எது வீட்டு விஷயமாக ஒதுக்கப்படும் என்கிற இந்தத் தகராறுதான் எனக்குப் படத்தின் உயிர். அது இன்னும் தீரவில்லை. கோழிக்கோட்டு ஜவுளிக்கடைப் பெண்கள் கேட்டது கழிப்பறையும், உட்கார ஒரு இருக்கையும். பெரிய சங்கங்களுக்கு அது சில்லறை விஷயம். உட்காரும் உரிமை கேரளத்தில் 2018இலும் தமிழ்நாட்டில் 2021இலும்தான் சட்டமானது. உங்கள் செயலியின் நிமிடக் கணக்கில், நீங்கள் சிறுநீர் கழிக்க ஒதுங்கும் நேரம் எங்கே வருகிறது?

சங்கம் என்றாலே நியாயம் என்றும் நான் சொல்ல மாட்டேன். கம்யூனிஸ்ட் படம் என்று முத்திரை குத்தியபோது, அமெரிக்காவில் இதைத் திரையிட மறுத்தவர்களில் தியேட்டர் ஆபரேட்டர்களும் இருந்தார்கள், அவர்களுடைய சங்கத்தின் பேச்சைக் கேட்டு. நாயகி ரோசௌரா ரெவுவெல்தாஸ் படப்பிடிப்பின் நடுவிலேயே கைதாகி மெக்ஸிகோவுக்குத் திரும்ப நேர்ந்தது.

இன்னொரு முறை பார்ப்பீர்களானால், மறியலுக்குப் பெண்கள் போகலாமா என்று முடிவெடுக்கும் அந்த இரவுக் கூட்டத்தைக் கவனியுங்கள். சங்கக் கூட்டத்தில் பெண்களுக்கு ஓட்டு கிடையாது. அதையே ஊர்க்கூட்டமாக மாற்றிப் பெண்களும் ஓட்டுப் போடுகிறார்கள். சங்கம் இல்லாத உங்களுக்கு அந்த உத்தி பயன்படலாம்.