பாக்டீரியா எவ்வளவு வேகமாக வளரும்? உங்கள் கணக்குக் கேள்விகளுக்குப் பதில்

காட்பாடியிலிருந்து எம்.எஸ்சி. மாணவி: அக்கா, மோனோ சமன்பாடு இருக்கும்போது வளப் பங்கீட்டு மாடல் தனியாக எதற்கு?

சர்க்கரை கூடக் கூட வளர்ச்சி வேகமும் கூடும், ஓர் உச்சத்தோடு நின்றுவிடும். 1940களில் பிரெஞ்சு உயிரியலாளர் மோனோ தன் சமன்பாட்டில் சொன்னது இவ்வளவுதான். அந்த உச்சம் ஏன் அவ்வளவு என்று கேட்டால் சமன்பாட்டில் பதில் கிடையாது, அளந்து போட்டுக்கொள்ள வேண்டும். பதில் செல்லுக்குள் இருக்கிறதும்மா. புரதத்தைச் செய்வது ரைபோசோம், ரைபோசோமில் உள்ள புரதத்தைச் செய்வதும் அதே ரைபோசோம்தான். வேகமாக வளர ரைபோசோம் அதிகம் வேண்டும், அதற்கு ஒதுக்கினால் மற்றதற்குக் குறையும், அதனால்தான் ஓர் உச்சம். 1958-ல் கோபன்ஹேகனில் ஷேக்டர், மாலோ, கெல்கார்ட் மூவரும் சால்மொனெல்லா பாக்டீரியாவை விதவிதமான வளர்ப்பு ஊடகங்களில், அதாவது தீனிக் கரைசல்களில், வளர்த்துப் பார்த்தார்கள். என்ன தீனி போட்டோம் என்பதைவிட, எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதைப் பொறுத்தே செல்லின் அளவும், பெரும்பாலும் ரைபோசோமில் இருக்கும் ஆர்என்ஏவின் அளவும் இருந்தன. 2010-ல் ஸ்காட், ஹ்வா குழுவினர் இதை வரவுசெலவுக் கணக்காகவே எழுதிவிட்டார்கள், நீ கேட்ட வளப் பங்கீட்டு மாடல் இதுதான்: மொத்தப் புரதம் 1, அதில் ரைபோசோமுக்கு ஒரு பங்கு, உணவை உடைக்கும் என்சைம்களுக்கு ஒரு பங்கு, வேகம் மாறினாலும் அசையாத ஒரு பங்கு. மூன்றையும் கூட்டினால் 1-ஐத் தாண்டக் கூடாது. இந்த ஒரு வரிக்காகவே எனக்கு இந்தத் துறை பிடிக்கும்.

குடியாத்தம் தம்பி: குளோராம்பெனிகால் ரைபோசோமை முடக்கும் மருந்து. அதைப் போட்டால் ரைபோசோம் கூடுமாமே?

ஆமாம் தம்பி. மருந்து கொஞ்சமாக இருந்தால் சில ரைபோசோம்கள் மட்டும் முடங்கும், ஈடுகட்ட செல் இன்னும் கட்டும், அந்த அளவுக்கு என்சைம் பங்கு குறைந்தாக வேண்டும். ஆக நல்ல தீனியால் வேகம் ஏறும்போதும் ரைபோசோம் பங்கு ஏறுகிறது, மருந்தால் வேகம் இறங்கும்போதும் ஏறுகிறது. வரைபடத்தில் எதிரெதிர்ச் சாய்வுள்ள இரண்டு நேர்கோடுகள் வரும், கட்டாயம் வரைந்து பார்.

ராணிப்பேட்டையிலிருந்து, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய ஊழியர்: தோல் தொழிற்சாலைத் தண்ணீருக்கு மோனோவை அப்படியே போடலாமா மேடம்?

வேண்டாம் சார். குரோமியம் உணவு இல்லை, தடை. அதற்கு வேகத்தைக் குறைக்கும் காரணி ஒன்று, உப்புக்கு இன்னொன்று, செல் சிதைவுக்கு ஒரு கழித்தல் வேண்டும். தொட்டியில் இருப்பது கலப்புக் கூட்டம் என்பதால் மேலே சொன்ன மூன்று பங்குக் கணக்கு இங்கே உதவாது. நீங்கள் பார்க்க வேண்டியது ஸ்லட்ஜ் ஏஜ், அதாவது பாக்டீரியா நிறைந்த சேறு தொட்டியில் தங்கும் காலம்: நிகர வேகம் பாதியானால் ஸ்லட்ஜ் தொட்டியில் தங்கும் நாட்கள் இரண்டு மடங்காக வேண்டும், இல்லாவிட்டால் பாக்டீரியா வளர்வதற்குள் வெளியேறிவிடும்.

ஆற்காட்டிலிருந்து: ஓடி (OD, திரவத்தின் கலங்கலைக் காட்டும் அளவு) அளவிலிருந்து வேகத்தை எப்படி எடுப்பது?

பிளாங்க்கை (பாக்டீரியா இல்லாத வெறும் ஊடகத்தின் அளவை) கழித்து, இயல் மடக்கை எடுத்து, நேராக ஏறும் பகுதியின் சாய்வை மட்டும் எடுங்கள். 0.693-ஐ அதால் வகுத்தால் இரட்டிப்பு நேரம். ஈகோலை பாக்டீரியாவுக்கு வளமான ஊடகத்தில், 37 டிகிரியில், சுமார் 20 நிமிடம். அப்புறம், வேலூர்ப் பக்கத்து மே மாத அறை வெப்பத்தை நம்பிக் குடுவையை வெளியே வைக்காதீர்கள். வெப்பம் மாறினால் வேகமும் மாறும், இன்குபேட்டரில்தான் வைக்க வேண்டும்.